கால் நாட்டிய எட்டு நாள்

ஆசிட் ஊற்றியவன் என் நாத்தனாரிடமிருந்து ஒரு கண்ணைத்தான் எடுத்தான். மற்றக் கண்ணைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு ஒரு வரி போதும். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான், இவள் மாட்டேன் என்றாள், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கடைப் படியிறங்கியவள் முகத்தில் ஊற்றிவிட்டான். இப்போது உள்ளே இருக்கிறான். நாசமாய்ப் போகட்டும்.

நான் சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, எந்த மனுவாக இருந்தாலும் எழுதிக் கொடுப்பதும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நான்தான். பனவடலிசத்திரம் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம்தான் வருவார்கள். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். ஒரு பெரியவரை மூன்று தடவை அலையவிட்ட கிளார்க்கிடம் நான் போய்க் கத்தியதில், காணாமல் போன பைல் அரை மணி நேரத்தில் மேஜைக்கு வந்தது. அதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாய் ஊருக்குத்தான் உதவும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாத்தனாருக்கும் எனக்கும் முதலில் ஆகவே ஆகாது. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாள். என் ஷாம்புவை எடுத்துத் தேய்த்துவிட்டு இல்லை என்று சாதிப்பாள். மாமியாரும் மாமனாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறார். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்கிற மனிதர். அவள் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு ஷாம்பு பாட்டில் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தாள். திமிர் பிடித்தவள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கொஞ்சம் ஒத்துப்போயிற்று.

ஆசிட் ஊற்றிய அன்றைக்கு ஜவுளிக்கடை வாசலில் நின்றவர்களெல்லாம் பயந்து விலகி ஓடியிருக்கிறார்கள். எதிரே பூ விற்கிற ஒரு பெண்தான், பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்து இவள் முகத்தில் கவிழ்த்திருக்கிறாள். பிறகு பக்கத்து ஹோட்டல் டிரம்மிலிருந்து வாளி வாளியாக மோந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் விடவில்லை. அந்தத் தண்ணீர்தான் வலது கண்ணைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "முதல்ல எங்கிட்ட ஒரு கொடந்தானம்மா இருந்துச்சு" என்று அவள் அதையே குறையாகச் சொன்னாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முதல் தடவை மூன்று மாதம் இருந்தோம். பெண்கள் வார்டில் கூட இருக்கப் பெண்ணைத்தான் விடுவார்கள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், வாசலோடு சரி. ஆகவே நான். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பேன். டிரெஸ்ஸிங் மாற்றுகிற நாளில் பழைய துணியை நனைத்து நனைத்து எடுப்பார்கள். அவள் கத்த மாட்டாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்ததால் கத்தவும் முடியாது. என் கையைப் பிடித்துக்கொள்வாள், பிடித்த இடத்தில் நகம் பதிந்துவிடும். தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்துக் கழுத்திலும் கன்னத்திலும் வைத்தார்கள். முகத்தைப் பற்றி அவள் கேட்பாள், என்ன பதில் சொல்லலாம் என்று நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். வாயோரத்தால் அவள் சொன்னது வேறு.

"மைனி, தொடையில எடுத்தாகல்லா, அந்த எடந்தான் ரொம்ப எரியுது. மூஞ்சிய விட அதுதான் எரியுது."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை எல்லாம் ஒளித்து வைத்தோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஒளிக்கவில்லை. பீரோவில் பதித்த கண்ணாடியை எங்கே கொண்டுபோய் ஒளிக்க? வந்த மறுநாளே போய் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வந்து, "பசிக்கி மைனி" என்றாள். குழாய் வைத்துக் கஞ்சி கொடுத்தேன். எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் காயத்தின் குணம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆறிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். ஆற ஆறத்தான் தொந்தரவு. புதுத்தோல் சுருங்கும். சுருங்குகிறபோது பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். கழுத்துத் தோல் சுருங்கித் தாடையைக் கீழே இழுத்தது. அதற்காகக் கழுத்தில் ஒரு பட்டை, முகத்தில் இறுக்கமான துணி முகமூடி, குளிக்கிற நேரம் தவிர எப்போதும். முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்துபோயின. நெற்றித் தோல் வலது கண்ணின் மேல் இமையைப் பிடித்து மேலே இழுத்தது. கண்ணை மூடினால் பாதிதான் மூடும். தூங்கும்போதும் அந்தக் கண் திறந்தே இருக்கும்.

"கருவிழி காயக்கூடாது. இவளுக்கு இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான்" என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். பகலில் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. தூங்கப் போகுமுன் களிம்பு போட்டு, கண்ணுக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, காற்றுப் புகாமல் நாலு பக்கமும் டேப் ஒட்டவேண்டும். வளைந்த விரலை வைத்துக்கொண்டு அவளால் ஒட்ட முடியாது. நான்தான் ஒட்டுவேன். ஒரு நாள் தவறியதில்லை, எங்கள் தெருக் கோவிலில் கொடைத் திருவிழா வருகிறவரைக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது என்பது பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து நான் இந்தப் பக்கம் உட்காருவேன். முன் சீட்டில் இருப்பவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு திரும்பவே மாட்டார்கள். தேவர்குளத்தில் ஏறுகிற யாராவது ஒரு அம்மா கட்டாயம் கேட்பாள், "என்னம்மா, கேஸ் வெடிச்சிட்டோ?" நான் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். யார், ஏன், இவள் என்ன செய்தாள் என்று வரும். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவள் கேட்டாள்.

"கேசுன்னு ஏன் மைனி சொல்லுதீங்க? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலட்டி. ஊர் வாய மூட ஒல மூடி கெடையாது. அதான்."

"அப்ப நெசத்தையே சொல்லுங்க. பேசுறவக பேசிட்டுப் போறாக."

அடுத்த தடவையும் நான் கேஸ் என்றுதான் சொன்னேன். என் வாய் பெரிது என்று சொன்னேனே, அதன் லட்சணம் அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் ஒருவன் வண்டியில் குப்பிகளைக் கட்டிக்கொண்டு, "ஆசிட்டு, பினாயிலு" என்று கூவிக்கொண்டு வருவான். கக்கூஸ் கழுவ வாங்குவார்கள். வருஷக்கணக்காக வருகிறவன். அவள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அவன் சத்தம் கேட்டது. அவள் முகம் முகமூடிக்குள் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கால் இரண்டையும் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். நான் விளக்குமாற்றோடு வெளியே போனேன். "இந்தத் தெருவுக்குள்ள இனி அந்தப் பேரச் சொன்ன, குப்பியோட சேத்து ஒன்னய ஓடையில போட்டுருவேன்" என்றேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் புரிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசாமல் நடந்து வருவான். வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் கோபத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கழுத்துக் கட்டு நனைந்துவிட்டது. வார்டு நர்ஸம்மா என்னை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். "கூட இருந்து என்னதான் பாக்குறீங்க? பிள்ளையைக் கொல்லவா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். அவருக்கு ஐம்பது நோயாளி, எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூன்று மாதம் தரையில் படுத்தவளைப் பார்த்து இப்படியா கேட்பது? அடுத்த தேதிக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். நாத்தனார் காலையிலேயே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணி பஸ் போயிற்று. பத்து மணி பஸ்ஸும் போயிற்று. பிறகு துப்பட்டாவை அவிழ்த்து மடித்து வைத்தாள். அதற்கு அடுத்த வாரம் எனக்கே மனசு கேட்காமல் கூட்டிக்கொண்டு போனேன்.

இமைக்கு ஆபரேஷன் என்று முடிவானபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். சுருங்கிய இடத்தைப் பிரித்துவிட்டுக் காதுக்குப் பின்னால் இருந்து தோல் எடுத்து வைப்பார்களாம். வைத்துவிட்டால் கண் மூடும். "புதன்கிழமை அட்மிட் ஆகணும், வியாழக்கிழமை தியேட்டர். தள்ளிப்போடாதீங்க. இமை இன்னும் மேலே போய்க்கிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் எங்கள் தெரு அம்மன் கோவிலில் கொடைக்குக் கால் நாட்டு. எங்கள் ஊர்ப்பக்கம் கோவில் கொடைக்கு எட்டு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை, கோவில் முன்னால் மாவிலை கட்டிய கம்பை நடுவார்கள். அதுதான் கால் நாட்டு. அது நட்டுவிட்டால், கோவிலுக்கு வரி கொடுக்கிற வீட்டுக்காரர்கள் கொடை முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் போய்ப் பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும். அம்மனுக்குக் கட்டுப்பட்ட நாள் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குறைந்தது பத்து நாள் தங்க வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"அதத்தான் ஒங்ககிட்டக் கேக்கேன்."

"ஒனக்குத்தான எல்லாம் தெரியும். பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனதும், "மைனி, நாம போயிருவமா?" என்றாள்.

"எட்டு நாள்தான மக்கா. சாமி காரியம்லா. கொடை முடிஞ்ச மறுநாளே போயிருவோம்."

"சரி மைனி."

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாமி பயம் ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தது களைப்பு. அந்த வார்டுத் தரை, அந்த மருந்து வாடை, தண்ணீர் பிடிக்க வரிசை, இடுப்பு வலி. மறுபடி பத்து நாளா என்று நினைத்தாலே அழுகை வந்தது. கொடைக்கு என் அம்மா வீட்டிலிருந்து எல்லாரும் வருவதாக இருந்தார்கள். கரும்பச்சையில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தேன். ஒன்றரை வருஷமாக நான் ஒரு நல்ல சேலை கட்டி நாலு பேரோடு சிரித்துப் பேசி நின்றதில்லை. எட்டே எட்டு நாள் என் வீட்டில், என் பாயில், மனுஷியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். அதற்கு அம்மனைச் சாக்காக்கினேன். வார்டுக்கு நான்தான் போன் செய்தேன். எடுத்த நர்ஸம்மா, "டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தள்ளிப் போடுங்கம்மா" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வா என்பார், அதனால்தான் கேட்கவில்லை.

கொடை நன்றாக நடந்தது. வீடு நிறைய ஆள். அவளை உள் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருந்தோம். வந்தவர்களின் பிள்ளைகள் பயப்படும் என்று யாரோ சொன்னார்கள், நானும் சரி என்றேன். தெருவெல்லாம் வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கூட்டம் கிளப்பிய புழுதி. ஜன்னல் வழியாக அத்தனையும் அந்த அறைக்குள்தான் போயிற்று. கொடை நடந்த செவ்வாயும் புதனும் விடிய விடிய வில்லுப்பாட்டும் சாமியாட்டமும் என்று நான் கோவிலிலேயே கிடந்தேன். இரண்டு ராத்திரியும் அவள் கண்ணுக்கு டேப் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். முதல் நாள் ஞாபகம் வந்தது. போகலாம், போகலாம் என்று முளைப்பாரி பார்த்துக்கொண்டே நின்றேன். வந்து பார்த்தபோது அவள் தூங்கியிருந்தாள். கண் திறந்திருந்தது. இனி எழுப்பி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கொடை முடிந்த மறுநாள் போயிருவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் வீடு கழுவுவதும் விருந்தாளிகளை அனுப்புவதுமாகப் போயிற்று. அவள் கண் செக்கச் செவேல் என்று இருந்தது.

"கண்ணுக்குள்ள மணல் கெடக்க மாதிரி இருக்கு மைனி."

"பொக பட்டிருக்கும். சொட்டு விடுதேன், சரியாப் போவும்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அண்ணன் போன் வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் அரிசிக்குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பினோம். பஸ்ஸில் அன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் சீட்டுப் போட வரிசையில் நின்றேன். அதற்குள் ஒரு நர்ஸம்மா இவள் கண்ணைப் பார்த்துவிட்டு நேரே டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சீட்டோடு போனபோது உள்ளே டாக்டரம்மாவின் குரல் உயர்ந்திருந்தது. இந்த ஏச்சு எனக்கு வேண்டும், வாங்கிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நுழைந்தேன். டாக்டரம்மா என்னை ஏசவில்லை. அவளை ஏசிக்கொண்டிருந்தார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? உனக்கே உன் கண்ணு மேல அக்கறை இல்லைன்னா நாங்க என்ன செய்ய முடியும்? எத்தனை தடவை சொன்னேன்?"

அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பாவம்" என்றார்.

அவர் ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இல்லை டாக்டர், நான்தான் தள்ளிப்போட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. தாலுகா ஆபீசையே கிடுகிடுக்க வைக்கிறவளுக்கு அந்த ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. வரவில்லை என்பதுகூடச் சரியில்லை. தப்பித்தோம் என்று இருந்தது.

கருவிழியில் புண். மணிக்கு ஒரு தடவை, ராவும் பகலும் மருந்து விட்டார்கள். புண் கொஞ்சம் அடங்கியதும் இமையைத் தைத்து மூடினார்கள். பிறகு அந்தத் தோல் வைக்கிற ஆபரேஷனும் நடந்தது. இமை இப்போது அழகாக மூடுகிறது. மூடி என்ன? கருவிழி முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நடந்தால் நிழல் தெரிகிறது. யார் என்று தெரியாது. மாற்றுக் கருவிழிக்குப் பதிந்து வைத்திருக்கிறார்கள். வைத்தாலும் இந்த மாதிரிக் கண்ணில் ஒட்டுமா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நாங்கள் ஊருக்கு வந்த பிறகு கோவில் வரி வசூலிக்கிற அண்ணாச்சி பார்க்க வந்தார். கொடையை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஆசுவத்திரிக்கெல்லாம் அந்தக் கட்டுக் கெடையாதேம்மா" என்றார். "மஞ்சத்துணியில ஒரு காசு முடிஞ்சி, அம்மன் கால்ல வச்சி எடுத்துக் கையில கெட்டிட்டுப் போவ வேண்டியதுதான. மேலத் தெருவுல மக பிரசவத்துக்கு அப்படித்தான போனாக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

நான் அவருக்குக் காப்பி போடுகிறேன் என்று சொல்லி அடுக்களைக்குள் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஊரில் ஒரு கையெழுத்துக்காக எந்த வாசலுக்கும் போய்க் கேட்கிறவள், நாலு வீடு தள்ளி இருக்கிற மனிதரிடம் போய்க் கேட்கவில்லை. விதிவிலக்கு உண்டா என்று கேட்பதுதான் என் தொழிலே.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. ஒரு தடவை கையை ஓங்கியிருந்தால்கூட நான் சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆசிட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அந்த விண்ணப்பத்தைப் போட்டிருக்கிறேன், அந்தக் கட்டத்தில் டிக் அடித்ததில்லை. ஆதாரில் முகம் ஒத்துப்போகவில்லை, வலது கை ரேகை விழவில்லை என்று அதற்கே பல நாள் அலைந்தோம். கடைசியில் ஆஸ்பத்திரிக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்றார்கள். கொத்தாக வாங்கி வந்தேன். எங்கள் கடை மிஷினில் ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தேன். டாக்டர் எழுத்து கோழி கிண்டியது போல இருந்தாலும், இங்கிலீஷ் பாரங்களோடு மல்லுக்கட்டியே பழகியதால் படிக்க வரும்.

அந்த வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட தாள் கையில் வந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து வர மறுத்ததாக நோயாளியே கூறுகிறார் என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், மைனி எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை என்கிறார், தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னதும் தான்தான் என்கிறார் என்று இருந்தது. கீழே அவள் இடது பெருவிரல் ரேகை.

டாக்டரம்மா தப்பாக நினைக்கவில்லை. இவள் சொல்லியிருக்கிறாள். நான் சீட்டு வரிசையில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கிறாள். கடையில் ஆள் நின்றார்கள். நான் மிஷின் மூடியைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தேன். முதலாளி என்னம்மா என்றார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"என்ன மைனி, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீதான் வரமாட்டேன்னு சொன்னதா டாக்டரம்மாட்ட எதுக்குட்டி சொன்ன?"

அவள் கை நின்றது. பிறகு மறுபடி மடித்தது.

"தாள்ல எழுதிருக்காகளா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒங்கள ஏசுவாக மைனி. எல்லார் முன்னாலயும் ஏசுவாக."

"ஏசட்டும். நான் செஞ்சதுக்கு நான் வாங்க வேண்டாமா?"

"நீங்க ரோசக்காரி" என்றாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் உயரம், நிறம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏசிட்டாகன்னா பொறவு எங்கூட வரமாட்டீங்க. நான் யாரக் கூட்டிட்டுப் போவேன்?"

யார் ஏசினாலும் நான் வந்திருப்பேன், என்னட்டி இப்படி நினைத்துவிட்டாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். நான் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு டாக்டரம்மா அத்தனை பேர் முன்னால் என்னை ஏசியிருந்தால், அடுத்த தேதிக்கு நான் தலைவலி என்று படுத்திருப்பேன். கண் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் அவள் அதைத்தான் யோசித்திருக்கிறாள்.